ஜோன் பிரித்த தரைச் சூடாக்கல்: பம்புகளை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது?

#1 சுருள்வாசி

வணக்கம். எங்கள் வீட்டில் தரைக்கடியில் குழாய் பதித்த சூடாக்கல், ஹீட் பம்ப்பில் ஓடுகிறது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்புகளை ஒழுங்காகக் கட்டுப்படுத்த ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வைக்கலாம் என்று யோசனை. ரிலே வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

அமைப்பு இதுதான். 8 கிலோவாட் காற்று-நீர் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி), வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். அதற்குள்ளேயே ஒரு பம்ப் இருக்கிறது (இதை 'உள் பம்ப்' என்று சொல்கிறேன்). அங்கிருந்து 100 லிட்டர் பஃபர் டேங்க் (சூடான நீரை இடையில் தேக்கிவைக்கும் தொட்டி), நான்கு குழாய் இணைப்பு. பஃபருக்கு அந்தப் பக்கம், வீட்டின் பகுதிக்கு (ஜோன்) ஒன்றாக இரண்டு 'ஜோன் பம்ப்': கீழ்த்தளத்துக்கு ஒன்று, 8 லூப் (தரைக்கடியில் ஓடும் குழாய்ச் சுற்று), மாடிக்கு ஒன்று, 5 லூப். எல்லாம் 16 மி.மீ. குழாய், ஒரு லூப் 80 முதல் 100 மீட்டர் வரும். அறைக்கொரு தெர்மோஸ்டாட், லூப்புக்கொரு ஆக்சுவேட்டர் (தெர்மோஸ்டாட் சொல்கிறபடி லூப்பின் வால்வைத் திறந்து மூடுவது). குளிக்கும் வெந்நீருக்கு மூவழி வால்வு வழியாகத் தனித் தொட்டி.

இப்போது நடப்பது என்னவென்றால், இரண்டு ஜோன் பம்பும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. மாடியில் எல்லா ஆக்சுவேட்டரும் மூடிய பிறகும் மாடி பம்ப் மூடிய வால்வை முட்டிக்கொண்டு ரீங்காரம் போடுகிறது. குளிர் அதிகம் இல்லாத நாள்களில் ஹீட் பம்ப் சில நிமிடம் ஓடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பொருத்தியவரைக் கேட்டால் "அது அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஜோன் பம்பை எந்தச் சமிக்ஞையை வைத்து நிறுத்துவது? கம்ப்ரஸர் நின்றால் அதுவும் நிற்க வேண்டுமா? உள் பம்பையும் என் ரிலேயில் சேர்த்துக்கொள்ளலாமா? பம்பில் மூன்று நான்கு இயக்க முறைகள் வேறு இருக்கின்றன, எதில் வைப்பது?

#2 ரிலே_ரசிகன்

இதற்கு மைக்ரோகன்ட்ரோலரே தேவையில்லை நண்பரே. மேனிஃபோல்ட் (லூப்கள் எல்லாம் பிரியும் குழாய்த் தொகுப்பு) பக்கத்தில் தெர்மோஸ்டாட் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் ஒரு பெட்டி இருக்கும், திறந்து பாருங்கள். அநேகமாக அதிலேயே பம்புக்கு ஒரு ரிலே, ஹீட் பம்ப்புக்கு மின்னழுத்தமில்லாத ஒரு தொடர்பு என இரண்டும் இருக்கும். யாரும் கம்பி இழுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எந்த அறை சூடு கேட்டாலும் ரிலே இணைக்கும், எதுவும் கேட்காவிட்டால் துண்டிக்கும்.

கவனிக்க வேண்டியது நேரம். ஆக்சுவேட்டருக்குள் இருப்பது மெழுகு. மின்சாரம் கொடுத்த நொடியில் திறக்காது, சூடாகி விரிய 3 நிமிடம் போல ஆகும். ஆகவே பம்புக்குத் தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் முனைச் சுவிட்ச் உள்ள ஆக்சுவேட்டராகப் பார்த்துப் போடுங்கள். வால்வு திறந்தால்தான் அந்தச் சுவிட்ச் மூடும், அதிலிருந்து பம்ப். யூகத்துக்கு வேலையே இல்லை.

#3 நீர்ச்சமன்

ரிலே ரசிகர் சொன்னது ஜோன் பம்புக்குச் சரி. உள் பம்பைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்: அதன் மின்கம்பியில் கை வைக்காதீர்கள். எந்த ரிலேயும் வேண்டாம், எந்த டைமரும் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. வெளியே குளிரில் நிற்கும் ஹீட் பம்ப்புக்குள் தண்ணீர் உறைந்தால் தகட்டு வெப்பமாற்றி வெடித்துப்போகும். அந்த ஆபத்து நெருங்கும்போது கருவி தானாகவே உள் பம்பை ஓட்டித் தண்ணீரை நகர்த்தும், வீட்டில் யாரும் சூடு கேட்காத நேரத்திலும். உங்கள் ரிலே அதைத் தடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இன்னொன்று டீஃப்ராஸ்ட். வெளிச்சுருளில் பனி படிந்ததும் கருவி சில நிமிடம் தலைகீழாக ஓடி, உங்கள் தண்ணீரிலிருந்தே சூட்டை உருவி அந்தப் பனியைக் கரைக்கும். அந்தச் சமயத்தில் ஓட்டம் குறைந்தால் தகட்டு மாற்றிக்குள்ளேயே தண்ணீர் உறையலாம். அதனால்தான் எல்லாத் தயாரிப்பாளர்களும் குறைந்தபட்ச ஓட்டம், குறைந்தபட்ச நீரளவு என்று இரண்டு எண்களைக் கையேட்டில் போடுகிறார்கள். உங்களுக்கு நடுவில் பஃபர் இருப்பதால் ஜோன் வால்வு எல்லாம் மூடினாலும் உள் பம்புக்குச் சுற்ற வழி இருக்கிறது. பஃபர் இல்லாமல் நேரடியாக இணைத்தவர்கள் சில லூப்களையாவது ஆக்சுவேட்டர் இல்லாமல் எப்போதும் திறந்தே விட வேண்டும். குளியலறையும் கூடமும் அதற்குத் தோதானவை.

ஹீட் பம்ப்பிடம் நீங்கள் பேச வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான்: 'சூடு வேண்டும்' அல்லது 'வேண்டாம்'. உள் பம்பை என்ன செய்வது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், நான்கு குழாய் பஃபர் என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். நான்கு இடத்தில் வெப்பநிலை எடுக்க முடியுமா? ஹீட் பம்ப்பிலிருந்து பஃபருக்குப் போகும் குழாய், அங்கிருந்து திரும்பும் குழாய், பஃபரிலிருந்து ஜோனுக்குப் போகும் குழாய், ஜோனிலிருந்து திரும்பும் குழாய். குழாயில் சென்சாரைக் கட்டி மேலே இன்சுலேஷன் சுற்றிவிடுங்கள், அது போதும். எல்லா வால்வும் திறந்திருந்து, கம்ப்ரஸர் அரை மணி நேரமாவது சீராக ஓடிய பிறகு எடுத்த எண் வேண்டும்.

#4 கம்பிக்காரர்

ஓர் எச்சரிக்கை. இப்போதைய பம்புகள் எல்லாம் எலக்ட்ரானிக். உள்ளே கெபாசிட்டர் இருப்பதால் மின்சாரம் கொடுத்த கணத்தில் பாயும் மின்னோட்டம் அதன் பெயர்ப்பலகை எண்ணைவிடப் பல மடங்கு. 20 வாட் பம்புதானே என்று சின்ன ரிலேயைப் போட்டால் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பம்ப் நிற்கவே நிற்காது. இப்படி ஒட்டிய ரிலேக்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது. கணநேரப் பாய்ச்சலைத் தாங்கும் ரிலே போடுங்கள், அல்லது நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) வையுங்கள். பம்பில் வெளிக்கட்டுப்பாட்டு முனை (0-10 வோல்ட் அல்லது பிடபிள்யூஎம் எனும் துடிப்புச் சமிக்ஞை) இருந்தால் இன்னும் நல்லது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் அந்த முனை வழியாகவே நிறுத்தலாம், வேகத்தையும் மாற்றலாம்.

#5 சுருள்வாசி

நன்றி. என் ஜோன் பம்ப் இரண்டிலும் பிடபிள்யூஎம் முனை இருக்கிறது.

இன்று காலை நல்ல குளிர், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லா ஆக்சுவேட்டரையும் திறந்து வைத்து எடுத்த எண்கள்:

ஹீட் பம்ப்பிலிருந்து பஃபருக்கு 38 டிகிரி, திரும்புவது 32. பஃபரிலிருந்து ஜோனுக்கு 35.6, திரும்புவது 32. ஹீட் பம்ப் திரையில் ஓட்டம் நிமிடத்துக்கு 18 லிட்டர் என்று காட்டுகிறது. இரண்டு மேனிஃபோல்டிலும் உள்ள ஓட்டமானிகளைக் கூட்டினால் 30 லிட்டர் வருகிறது.

38 டிகிரி தண்ணீர் உள்ளே போய் 35.6 ஆக வெளியே வருகிறதே, நடுவில் உள்ள 2.4 டிகிரி எங்கே போகிறது? டேங்க் இன்சுலேஷன் மோசமா?

#6 நீர்ச்சமன்

இன்சுலேஷன்மேல் பழி போடாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது. சூடு எங்கும் தொலையவில்லை, வெப்பநிலைதான் தொலைகிறது.

இந்தப் பக்கம் 18 லிட்டர் வருகிறது. அந்தப் பக்கம் இரண்டு பம்பும் சேர்ந்து 30 லிட்டர் இழுக்கின்றன. மிச்சம் 12 லிட்டருக்கு எங்கே போகும்? ஜோனிலிருந்து திரும்பி வந்த 32 டிகிரி தண்ணீரையே மறுபடி மேலே இழுத்துக் கலந்துகொள்கிறது. கணக்கும் பொருந்துகிறது: 18 லிட்டர் 38-லும் 12 லிட்டர் 32-லும் கலந்தால் 35.6. சூட்டின் அளவைப் பார்த்தால் இந்தப் பக்கம் 18 லிட்டருக்கு 6 டிகிரி, அந்தப் பக்கம் 30 லிட்டருக்கு 3.6 டிகிரி. இரண்டும் ஏறக்குறைய 7.5 கிலோவாட். ஒரு வாட்கூடக் காணாமல் போகவில்லை.

ஆனால் தரைக்கு 35.6 கொடுக்க ஹீட் பம்ப் 38 வரை காய்ச்ச வேண்டியிருக்கிறது. தண்ணீரை ஒவ்வொரு டிகிரி கூடுதலாகச் சூடாக்கவும் சிஓபி (செலவாகும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு சூடு கிடைக்கிறது என்ற எண்) தோராயமாக 2 முதல் 3 சதவீதம் இறங்கும். அதாவது, ஒரு பயனும் இல்லாத கலப்புக்காகக் கரன்ட் செலவாகிறது.

2.4 டிகிரியும் அப்படியே மிச்சமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள், இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தரை கொடுக்கும் சூட்டைத் தீர்மானிப்பது போகும் நீர், வரும் நீர் இரண்டின் சராசரி. இப்போது அது 33.8. ஜோன் ஓட்டத்தை 18-க்குக் குறைத்தால் கலப்பு நின்றுவிடும், ஆனால் போகும் நீருக்கும் வரும் நீருக்கும் உள்ள வித்தியாசம் 6 டிகிரியாகும். அதே சராசரி வேண்டுமானால் 36.8 போய் 30.8 திரும்ப வேண்டும். மிச்சம் 1.2 டிகிரி. மாறாக உள் பம்பின் வேகத்தைக் கூட்டி இரு பக்கமும் 23 லிட்டரில் சந்திக்க வைத்தால் வித்தியாசம் 4.7-க்கு வரும், 36.1 போனால் போதும். மிச்சம் ஏறக்குறைய 2 டிகிரி. ஆகவே முதல் வேலை, ஹீட் பம்ப் அமைப்புகளில் உள் பம்பின் வேகத்தையோ வித்தியாச இலக்கையோ மாற்ற வழியிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கு 5 டிகிரி என்று இருந்தால் அப்படியே விடுங்கள். பிறகு ஜோன் பம்புகளை அதற்குச் சமமாக இறக்குங்கள்.

ஓட்டத்தைக் கூட்டுவதிலும் ஓர் அளவு வேண்டும். ஓட்டம் வேகத்தோடு நேராக ஏறும், அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும், பம்ப் இழுக்கும் மின்சாரமோ மும்மடியாக ஏறும்.

#7 ஒரேவலயம்

இழை முழுவதையும் படித்தேன். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: ஜோன் எதற்கு?

100 சதுர மீட்டர் தரையில் 6.5 செ.மீ. காரைப் படுகை (குழாய்களை மூடியிருக்கும் சிமென்ட் அடுக்கு) இருந்தால் எடை 13 டன் வரும். அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3.6 கிலோவாட் மணி வேண்டும். உங்கள் 100 லிட்டர் பஃபரை ஒரு டிகிரி சூடாக்க 0.12 கூட ஆகாது. காலடியில் முப்பது பஃபர் கிடக்கிறது, நீங்கள் அதை ஆக்சுவேட்டர் போட்டுப் பூட்டிவிட்டு ஓரமாக ஒரு குட்டி டேங்கை நட்டு வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஹீட் பம்ப் சில நிமிடம் ஓடி நிற்பதற்கும் காரணம் இதேதான். 8 கிலோவாட் கருவி எவ்வளவு தாழ்ந்தாலும் 3 கிலோவாட்டுக்குக் கீழே போகாது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு அறை 600 வாட் கேட்கிறது. மீதி 2.4 கிலோவாட் எங்கே போவது? பஃபரும் குழாயுமாக 150 லிட்டர் தண்ணீர் இருந்தால் 5 டிகிரி ஏற 22 நிமிடம். பஃபர் இல்லாமல் 50 லிட்டர்தான் என்றால் 7 நிமிடம். ஒரு டம்ளர் வெந்நீருக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற வேலை இது. கம்ப்ரஸருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

எல்லா ஆக்சுவேட்டரையும் கழற்றுங்கள். லூப் ஓட்டங்களைக் கையால் சமன் செய்யுங்கள். வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை மாற்றும் வளைகோட்டைச் சரியாகப் போடுங்கள். பம்ப் கட்டுப்பாடு என்ற கேள்வியே மறைந்துவிடும். குளிர்காலம் முழுக்க ஓடட்டும்.

#8 மேல்மாடி

ஒரேவலயம் சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள். என் வீட்டில் தெற்குப் பக்க அறையில் பெரிய கண்ணாடி. வெயில் அடித்தால் அந்த அறை தானாகவே 24-க்குப் போய்விடும், அதே நேரத்தில் பின்பக்க அறையில் 19. படுக்கையறை எங்களுக்கு 18-ல் இருந்தால்தான் தூக்கம் வரும். ஒரே வளைகோட்டை வைத்துக்கொண்டு எல்லோரையும் எப்படித் திருப்திப்படுத்துவது?

#9 ஒரேவலயம்

மேல்மாடி, படுக்கையறை வாதம் நியாயம்தான். ஆனால் அதற்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம். அந்த லூப்பின் ஓட்டத்தை மேனிஃபோல்டில் பாதியாக இறுக்கிவிடுங்கள், அறை தானாகக் குளிர்ச்சியில் நிலைகொள்ளும்.

வெயிலுக்கும் ஒன்று சொல்கிறேன். தரை மேற்பரப்பு 23 டிகிரி, அறை 21 என்றால் சதுர மீட்டருக்குத் தோராயமாக 20 வாட் கொடுக்கும். வெயிலால் அறை 22 ஆனால் தரைக்கும் அறைக்கும் இடைவெளி 1 டிகிரிதான், தரை கொடுப்பதும் பாதியாகிவிடும். அறை 23-ஐத் தொட்டால் தரை ஒன்றுமே தராது. எந்த வால்வும் மூடாமல் தானாக நடக்கிறது இது. நீரின் சூடு தாழ்வாக இருக்கும்வரைதான் இந்த வசதி. 45 டிகிரித் தண்ணீரைத் தள்ளினால் கிடைக்காது.

#10 நீர்ச்சமன்

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் வழக்கமாக நடுவழியைத்தான் சொல்வேன்: தெர்மோஸ்டாட்டை ஓட்டுநராக வைக்காமல் வேலியாக வையுங்கள். வளைகோடுதான் அறையை 21-க்குக் கொண்டுவர வேண்டும். தெர்மோஸ்டாட்டை 22.5-ல் வைத்தால் வெயில் அடிக்கும் அறையில் மட்டும், வெயில் அடிக்கும் நேரத்தில் மட்டும் வால்வு மூடும். மற்றபடி எல்லாம் திறந்திருக்கும், தரை முழுவதும் பஃபராக வேலை செய்யும். படுகை பல மணி நேரம் பின்தங்கி வரும் பொருள். ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் 'போதும்' என்று சொல்லும்போது தரைக்குள் இன்னும் மாலைவரை போதுமான சூடு இருக்கும், அறை இலக்கைத் தாண்டிப் போகும். தெர்மோஸ்டாட்டே ஓட்டுநரானால் இந்த ஊஞ்சல் நிற்காது.

மேனிஃபோல்டில் மிக்சிங் வால்வு இருக்கிறதா, சுருள்வாசி? பாய்லர் காலத்துப் பழக்கத்தில் பலர் அதையும் சேர்த்தே மாட்டிவிடுகிறார்கள். 70 டிகிரித் தண்ணீரை 40-க்கு இறக்க வந்த பொருள் அது. ஹீட் பம்ப் 36 கொடுக்கும்போது அதற்கு வேலையில்லை. முழுக்கத் திறந்து வைத்தாலும் கொஞ்சம் திரும்பு நீரைக் கலந்துவிட்டு இன்னொரு டிகிரியை விழுங்கும்.

#11 சுருள்வாசி

மிக்சிங் வால்வு இல்லை, நல்ல வேளை. உள் பம்பில் 5 டிகிரி இலக்கு வைக்க வழியிருந்தது, வைத்துவிட்டேன். இப்போது குளிரில் ஓட்டம் 22-23 லிட்டர் காட்டுகிறது. ஆனால் கம்ப்ரஸர் தாழ்ந்து ஓடும்போது உள் பம்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, 13 லிட்டர்வரை இறங்குகிறது. ஜோன் பம்ப் அதே 23-லேயே நிற்கிறது. ஆக, குளிர் குறைந்த நாளில் மறுபடி கலப்பு! இதற்கு என்ன செய்வது?

#12 நீர்ச்சமன்

உங்கள் மைக்ரோகன்ட்ரோலருக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்திருக்கிறது. ஆன்-ஆஃப் செய்ய அது தேவையில்லை, ரிலே ரசிகர் சொன்னது போலப் பெட்டியே செய்துவிடும். ஓட்டத்தைச் சமன் செய்யத்தான் அது வேண்டும்.

ஓட்டமானி எதுவும் வாங்க வேண்டாம். கட்டி வைத்த நான்கு சென்சாரே சொல்லிவிடும். ஹீட் பம்ப் அனுப்பும் நீரைவிட ஜோனுக்குப் போகும் நீர் குளிர்ந்திருந்தால் ஜோன் பக்கம் அதிகமாக இழுக்கிறது என்று பொருள். அதன் வேகத்தைக் குறையுங்கள். ஜோனிலிருந்து திரும்பும் நீரைவிட ஹீட் பம்ப்புக்குத் திரும்பும் நீர் சூடாக இருந்தால் உள் பம்ப் தள்ளுவதில் ஒரு பங்கு தரையைப் பார்க்காமலே திரும்புகிறது. ஜோன் வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு வித்தியாசமும் அரை டிகிரிக்குள் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள்.

மெதுவாகச் செய்யுங்கள், அதுதான் முக்கியம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை, 2 அல்லது 3 சதவீதம் மாற்றினால் போதும். பஃபருக்குள் தண்ணீர் நகர்ந்து நிலைகொள்ள நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் உங்கள் கன்ட்ரோலர் தன் வாலைத் தானே துரத்தும். இரண்டு ஜோன் பம்பையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் குறையுங்கள். இல்லாவிட்டால் மாடிக்கும் கீழுக்கும் இடையே நீங்கள் போட்ட சமன் கெட்டுவிடும். கீழ் எல்லை ஒன்றும் வையுங்கள், கடைசி லூப்பின் ஓட்டமானியில் முள் அசைவது தெரியும் அளவுக்காவது.

சில நேரங்களில் இந்தக் கணக்கை முழுவதுமாக உறையவைத்துவிட வேண்டும். டீஃப்ராஸ்ட் நடக்கும்போது ஹீட் பம்ப் அனுப்பும் நீர் திரும்பும் நீரைவிடக் குளிராக இருக்கும். கன்ட்ரோலர் அதைப் பார்த்து ஏதோ தலைகீழாகிவிட்டது என்று முடிவெடுத்துவிடும். மூவழி வால்வு வெந்நீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கும்போதும் உள் பம்பின் நீர் பஃபருக்கே வருவதில்லை, சென்சார் காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. கம்ப்ரஸர் நின்றிருக்கும்போதும் அப்படியே. இந்த மூன்று நேரத்திலும் கடைசியாக இருந்த வேகத்திலேயே விட்டுவிடுங்கள்.

#13 ரிலே_ரசிகன்

நல்ல யோசனை. ஆனால் சுருள்வாசியின் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே: கம்ப்ரஸர் நின்றால் ஜோன் பம்பையும் நிறுத்த வேண்டுமா? நான் நிறுத்துவேன். சூடு வராத நேரத்தில் தண்ணீரைச் சுற்றி என்ன லாபம்?

#14 நீர்ச்சமன்

நிறுத்தக் கூடாது, வால்வு ஒன்றாவது திறந்திருக்கும்வரை. கம்ப்ரஸர் நின்ற கணத்தில் பஃபர் முழுக்கச் சூடான தண்ணீர். பம்பை நிறுத்தினால் அந்தச் சூடு டேங்கிலேயே மாட்டிக்கொள்ளும். பஃபரின் சென்சாரைப் பார்த்துத்தான் ஹீட் பம்ப் மறுபடி கிளம்பும் என்றால், டேங்க் தானாக ஆறும்வரை அது கிளம்பவே கிளம்பாது, அதற்குள் தரை ஆறிவிடும். பம்ப் ஓடினால் பஃபரின் சூடு தரைக்குப் போகும், டேங்க் இறங்கும், அடுத்த சுற்று நியாயமான நேரத்தில் தொடங்கும்.

கரன்ட் பற்றிக் கவலை என்றால், 20 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் 0.48 யூனிட்தான். நிறுத்த வேண்டிய இடம் வேறு: அந்த ஜோனில் எல்லா வால்வும் மூடியிருக்கும்போது. அதற்கு முனைச் சுவிட்ச் போதும்.

குட்டிச் சுற்றுகளைக் குறைக்க இன்னொன்றும் செய்யலாம். ஒரே ஒரு அறை கேட்டவுடன் ஹீட் பம்ப்பை எழுப்பாதீர்கள். மூன்று நான்கு லூப் திறந்த பிறகு எழுப்புங்கள். இல்லையென்றால் எழுப்பும்போது கூடம், நடைவழி, குளியலறை ஆக்சுவேட்டர்களையும் சேர்த்தே திறந்துவிடுங்கள். வருகிற மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ள இடம் வேண்டுமே.

#15 மேல்மாடி

பம்ப் முறை பற்றியும் யாராவது சொல்லுங்கள். என் பம்பில் 'தானியங்கி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் வைத்தால் தூர அறை சூடாவதே இல்லை.

#16 கம்பிக்காரர்

தானியங்கி முறையும் சரி, விகித அழுத்த முறையும் சரி, ஓட்டம் குறைந்தால் அழுத்தத்தையும் குறைத்துவிடும். நீண்ட குழாயில் ரேடியேட்டர்களைத் தொடுத்த அமைப்புக்கு அது பொருந்தும். தரை லூப்பில் நிலை வேறு. அழுத்த இழப்பு முழுக்க லூப்புக்குள்ளேயே நடக்கிறது: உள்விட்டம் 12 மி.மீ. உள்ள 100 மீட்டர்க் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 13 கிலோபாஸ்கல் போல, அதாவது 1.3 மீட்டர் நீர்மட்டம். பக்கத்து லூப் மூடினாலும் திறந்தாலும் இந்த லூப்புக்கு அதே 1.3 மீட்டர் வேண்டும். ஆகவே ஆக்சுவேட்டர் உள்ள மேனிஃபோல்டுக்கு நிலையான அழுத்த முறை. வால்வு இழப்பையும் சேர்த்து 2 மீட்டரில் தொடங்கி, தூர லூப்பின் ஓட்டமானியைப் பார்த்து இறக்குங்கள். ஒரேவலயம் சொல்வது போல எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தால் நிலையான வேகமே போதும்.

#17 ஒரேவலயம்

கடைசியில் எல்லோரும் என் வழிக்கே வருகிறீர்கள்!

#18 மேல்மாடி

வரவில்லை சார். தெர்மோஸ்டாட்டை 22.5-ல்தான் வைத்திருக்கிறேன், கழற்றவில்லை.

#19 சுருள்வாசி

நிரலின் முதல் வடிவம் எழுதிவிட்டேன். வால்வு திறப்பை முனைச் சுவிட்ச் சொல்கிறது, நான்கு சென்சாரில் வேகம் மாறுகிறது, டீஃப்ராஸ்டிலும் வெந்நீர் நேரத்திலும் உறைகிறது. ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு பயம்: குளிர்காலத்து நடுராத்திரியில் கன்ட்ரோலர் செத்துப்போனால்?

#20 கம்பிக்காரர்

அதற்கு நிரலில் விடை தேடாதீர்கள், கம்பியில் தேடுங்கள். பம்பின் மின்சாரம் தெர்மோஸ்டாட் பெட்டியின் ரிலே வழியாகவே வரட்டும். உங்கள் கன்ட்ரோலர் வேகத்தை மட்டும் சொல்லட்டும். அது செத்தால் பிடபிள்யூஎம் சமிக்ஞை நின்றுபோகும், பம்ப் முழு வேகத்தில் ஓடும். கலப்பு வரும், கொஞ்சம் கரன்ட் வீணாகும், ஆனால் வீடு சூடாக இருக்கும்.

ஆனால் முதலில் உங்கள் பம்ப் எந்த வகைச் சமிக்ஞையை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். சூடாக்கலுக்கான வகையில் சமிக்ஞை ஏற ஏற வேகம் குறையும், சமிக்ஞையே இல்லாவிட்டால் முழு வேகம். சூரியவெப்ப அமைப்புக்கான வகையில் எல்லாம் தலைகீழ்: சமிக்ஞை ஏறினால் வேகம் ஏறும், இல்லாவிட்டால் பம்ப் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பம்ப் போலத்தான் இருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதிவெப்பத் தடையையும் நிரலுக்குள் வைக்காதீர்கள். தரைக்குப் போகும் குழாயில் 50 டிகிரியில் துண்டிக்கும் ஒரு கிளாம்ப் தெர்மோஸ்டாட்டைக் கட்டி, ஜோன் பம்பின் மின்கம்பியில் நேரடியாகத் தொடராக இணையுங்கள். மூவழி வால்வு பாதியில் மாட்டிக்கொண்டால் வெந்நீர்த் தொட்டிக்குப் போக வேண்டிய சூடு தரைக்கு வரும். மரத்தளம் போட்ட அறை இருந்தால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

#21 சுருள்வாசி

கழற்றிப் பார்த்தேன். கீழ்த்தள பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது. மாடி பம்ப் நின்றுவிட்டது! இரண்டும் ஒரே மாடல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

#22 கம்பிக்காரர்

பெயர்ப்பலகையில் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் அங்கே இருக்கும். சிலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்தே வகையை மாற்றலாம், கையேட்டைப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் மாடி பம்புக்கு மட்டும் நிரலில் சமிக்ஞையைத் தலைகீழாக அனுப்புங்கள். கூடவே, கன்ட்ரோலர் செத்தால் தானாக மூடும் வகை ரிலே ஒன்றைப் போட்டு, நிலையான உயர்சமிக்ஞை அதன் வழியாகப் போகும்படி செய்யுங்கள். கோடையில் ரிலே பெட்டி பல வாரம் பம்பைத் தொடாது என்றால் வாரத்துக்கு ஒரு தடவை ஆக்சுவேட்டர்களைத் திறந்து சில நிமிடம் ஓட்டும்படியும் எழுதிவிடுங்கள். தண்டு இறுகாமல் இருக்கும், வால்வு ஊசியும் ஒட்டாது.